நீர் ஏன் உயர்ந்தது?

தட்டில் நீர், நடுவில் எரியும் மெழுகுவத்தி, அதன்மேல் கவிழ்த்த கண்ணாடிக் குவளை. சுடர் அணைகிறது, குவளைக்குள் நீர் உயர்கிறது. காற்றில் 21 விழுக்காடு உள்ள ஆக்சிஜன் எரிந்து தீர்ந்ததால், அவ்விடத்தை நீர் நிரப்பியது எனப் பள்ளியில் எழுதி முழு மதிப்பெண் பெற்றவன் நான். அவ்விடை பிழையானது.

மாணவர்களே, சோதனையை மீண்டும் செய்து பாருங்கள். நீர் விரைந்து ஏறுவது சுடர் அணைந்த பின்னரே. ஆக்சிஜன் தீர்வதே காரணமெனில், எரியும்போதன்றோ அது ஏறியிருக்க வேண்டும்? மூன்று மெழுகுவத்திகளை ஏற்றினால் நீர் இன்னும் உயர்கிறது. குவளையிலுள்ள ஆக்சிஜனோ மும்மடங்காகவில்லை! வெப்பத்தால் விரிந்த காற்றில் ஒரு பகுதி முன்பே வெளியேறிவிடுகிறது. எஞ்சியது குளிர்ந்து சுருங்கும்போது, வெளிக்காற்றின் அழுத்தம் நீரை உள்ளே தள்ளுகிறது. முதன்மைக் காரணம் இதுவே.

இதனை ஆசிரியரே முதலில் கூறிவிட்டால், பழைய விடைக்குப் பதிலாகப் புதிய விடை மனப்பாடமாகும், அவ்வளவே. "மெழுகுவத்தி இல்லாமலே நீரை உயர்த்த இயலுமா?" என்று வினவிவிட்டு அவர் ஒதுங்கி நிற்க வேண்டும். வெந்நீரில் சூடேற்றிய வெறுங்குவளையைக் கவிழ்த்துப் பார்க்க எவரேனும் முனைவர். குவளை ஆற ஆற நீர் ஏறும். திறனாய்வுச் சிந்தனையும் படைப்புச் சிந்தனையும் அங்கே ஒருசேர நிகழ்கின்றன.

பாடப்பகுதியை முடிக்கவே நேரம் போதவில்லை என்னும் ஆசிரியர்களின் குறையை நான் அறிவேன், அது பொய்யன்று. எனினும், ஒரு பாடத்தைக் குறைத்தேனும் இச்சோதனைக்கு இரண்டு பாடவேளைகள் ஒதுக்கலாம் என்பேன்.