முடியாத போர்வைகளின் கணக்கு

1811-ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில், இங்கிலாந்தின் சாட்டன் கிராமத்திலிருந்து ஜேன் ஆஸ்டின் தம் தமக்கை கஸாண்ட்ராவுக்கு எழுதிய கடிதமொன்றில், ஊர்ச் செய்திகளுக்கும் உறவினர் க்ஷேமலாபங்களுக்கும் நடுவே, ஒட்டுத்துணிப் போர்வைக்கு வேண்டிய துண்டுகளைச் சேகரித்துவைக்க நினைவிருந்ததா, இங்கே வேலை நின்றுபோய்விட்டதே என்று விசாரிக்கும் வாசகம் ஒன்று வருகிறது. அவருடைய முதல் நாவலான 'சென்ஸ் அண்ட் சென்ஸிபிலிட்டி' வெளிவந்தது அதே ஆண்டு அக்டோபரில்தான். தாயும் இரு புதல்வியரும் சேர்ந்து தைத்ததென்று போற்றப்படும் போர்வை ஒன்று, நடுவே பூக்கூடையும் சுற்றிலும் சாய்சதுரத் துண்டுகளுமாக, அவர்கள் வாழ்ந்த சாட்டன் வீட்டிலேயே இன்றும் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது. வேலை நின்றது பற்றி அக்கடிதத்தில் வெட்கமுமில்லை, சமாதானமுமில்லை. தமக்கையார் ஊரிலில்லை, துண்டு வந்து சேரவில்லை, ஆகையால் ஊசி நிற்கிறது.

இந்தத் தொனி எனக்கு மிகவும் உவப்பானது. ஏனெனில், இன்று குவில்ட் தைக்கும் ஸ்திரீகள், அவர்கள் எந்தத் தேசத்தவராயினும், தம் முடியாத வேலையைப் பற்றிப் பேச நேர்ந்தால், தவணை தவறிய கடனாளி கடன் கொடுத்தவர் முன் நிற்பதுபோலத் தயங்கித்தான் பேசுகிறார்கள். அமெரிக்கத் தையற்காரிகள், அலமாரியில் அடுக்கிக் கிடக்கும் தம் அரைகுறைப் பணிகளுக்குப் பறக்கும் தட்டுகளின் பெயரான 'யு.எஃப்.ஓ.' என்பதையே சூட்டிச் சிரித்துக்கொள்கிறார்கள். அந்தச் சிரிப்புக்கு அடியிலும் ஒரு குற்றவுணர்வு இருக்கத்தான் செய்கிறது. "இன்னுமா முடியவில்லை?" என்று வீட்டார் கேட்கும் கேள்வி, அந்த வேலையின் இயல்பை அறியாத கேள்வி என்பதும், கேட்பவரே பெரும்பாலும் அந்தத் தாமதத்துக்கு ஒரு காரணம் என்பதும் என் அபிப்பிராயம்.

வேலையின் இயல்பைச் சற்றுப் பார்ப்போம். குவில்ட் என்பது மூன்று அடுக்குகளைக் கொண்டது. மேலே சிறு துண்டுகளை இணைத்து உண்டாக்கிய முகத்துணி, நடுவே பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு முழுத்துணி. இம்மூன்றையும் ஊடுருவிச் செல்லும் ஓட்டுத்தையல்தான் அவற்றைப் பிரியாமல் பிணைத்துவைக்கிறது. முகத்துணியை ஒரே வீச்சில் யாரும் தைப்பதில்லை. 'மரக்குடில்' என்று அமெரிக்காவில் வழங்கும் பிரசித்தமான அமைப்பை எடுத்துக்கொண்டால், நடுவே ஒரு சிறு சதுரம், அடுப்பின் கனலைக் குறிப்பதென்று சொல்லிப் பெரும்பாலும் சிவப்பில் வைப்பார்கள், அதைச் சுற்றி ஒன்றன்பின் ஒன்றாக நீளத்துண்டுகள் என, மடியில் அடங்கும் கட்டம் ஒன்று உருவாகிறது. குழந்தை அழுதால் அதை மடித்துக் கூடையில் போட்டுவிட்டு எழுந்திருக்கலாம். ஆறு மாதம் கழித்து எடுத்தாலும் விட்ட இடம் விட்ட இடமாகவே இருக்கும். தறியில் பாவு ஏற்றிவிட்டால் அறையே அதற்கு அடிமை. பின்னல் ஊசியிலிருந்து ஒரு கண்ணி நழுவினால் வரிசை வரிசையாகப் பிரிந்துவரும். ஓட்டுத்தையலோ எந்த இடத்தில் நிறுத்தினாலும் கோபித்துக்கொள்வதில்லை. கந்தலையும் வீணாக்காத சிக்கனத்தினால் பிறந்த கலை இது என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான், ஆனால் துணியைவிடக் காலம்தான் அந்த வீடுகளில் அதிகக் கந்தலாக இருந்தது என்பதையும், முழுதாக ஒரு பகற்பொழுது ஒருநாளும் கிட்டாது என்று நன்கு தெரிந்துகொண்ட கைகளே இந்த முறையை வகுத்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எடுத்த வேலையின் இரண்டாம் பாகம்தான் இடம் கேட்கிறது. மூன்றடுக்கையும் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டித் தைக்கும்போது, அந்தச் சட்டம் கூடத்தையே அடைத்துக்கொள்ளும். இரவில் கட்டில் போட வழி வேண்டுமென்று, கயிறு கட்டிச் சட்டத்தை உத்தரத்துக்கு ஏற்றிவிட்டு, மறுநாள் இறக்கித் தைத்த குடும்பங்கள் அமெரிக்கக் கிராமங்களில் உண்டு. கடுங்குளிர் காலத்தில் குடும்பம் முழுவதும் அடுப்புள்ள ஓர் அறையில் ஒடுங்கியிருக்கும் பிரதேசங்களில் சட்டத்துக்கு இடமேது? ஆகவே குளிர்காலத்தில் துண்டுகளை இணைப்பதும், வெயில் வந்தபின் அண்டை வீட்டாரையும் அழைத்துச் சட்டத்தில் தைப்பதும் அங்கே வழக்கமாயிற்று. கோடை நடுவே தோட்டத்துக் காய்கனிகள் பழுத்துவிட்டால், அவற்றைப் பதப்படுத்திக் கண்ணாடிச் சாடிகளில் அடைத்துவைக்கும் வேலை தலைக்குமேல் வந்துவிடும். ஊசி மறுபடியும் கூடைக்குப் போய்விடும். அலபாமா நதி வளைந்தோடும் ஜீஸ் பெண்ட் என்னும் ஊரில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியினரான கறுப்பினப் பெண்களுக்குப் பருத்திக்காடே காலத்தை வகுத்துக் கொடுத்தது. காட்டு வேலை ஓய்ந்த குளிர்மாதங்களில்தான் கைக்கு ஓய்வு, அதாவது வேறொரு வேலை. அவ்வூர் மிஸூரி பெட்வே என்னும் அம்மையார் காலமான தம் கணவரின் வேலை உடுப்புகளைக் கிழித்து 1942-இல் இணைத்த போர்வை, முழங்கால் தேய்ந்த இடமும் வெளுத்த நீலமும் அப்படியே தெரிய, பிற்காலத்தில் 2002-இல் தொடங்கிய புகழ்பெற்ற கண்காட்சியின் வாயிலாக நியூயார்க் விட்னி மியூசியம் வரையில் சென்றது.

நம் தேசத்திலும் இந்தப் பருவக்கணக்கு உண்டு. வங்காளத்துக் காந்தாவுக்கு மழைக்காலமே உகந்த காலம். வெளியே இறங்க முடியாத பிற்பகல்களில் பழைய புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, சுருக்கமில்லாமல் நீவி, நீளத்தையல் போட்டு நிறுத்திவிட்டு, பிறகு புடவைக்கரையிலிருந்தே உருவிய வண்ண நூலால் தாமரையும் மீனும் தேருமாக நிரப்பிக்கொண்டு வருவார்கள். ஒரு மழைக்காலத்தில் தொடங்கியது அடுத்த குளிருக்கு ஆனாலும் ஆகலாம், அதற்கடுத்த குளிருக்கு ஆனாலும் ஆகலாம். ஜஸீமுத்தீன் 1929-இல் வெளியிட்ட 'நக்ஷி காந்தார் மாட்' என்னும் கதைக்காவியத்தின் நாயகி, பிரிந்துபோன கணவனுக்காகக் காத்திருந்து தன் வாழ்க்கையையே அப்படியொரு காந்தாவில் தைத்துவைக்கிறாள். வட கன்னடக் காடுகளில் வாழும் ஆப்பிரிக்க வமிசத்தவரான ஸித்திகளின் 'கவந்தி' வேறொரு வகை: ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி உள்நோக்கித் தைத்துக்கொண்டே நடுவை அடைகிறார்கள், நான்கு மூலைகளிலும் மடித்த சிறு துணிகளால் பூ வைத்தாலன்றி அது அம்மணமாக இருக்கிறது என்பது அவர்கள் கொள்கை. விளிம்பிலிருந்து மையத்துக்குப் போகும் அந்த முறையில், எந்த நாளில் பார்த்தாலும் ஓரம் முடிந்தும் நடு முடியாமலும் இருக்கும்; அதைக் குறையென்று சொல்வார் அங்கே இருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இப்போது இதற்கெல்லாம் குறுக்குவழிகள் வந்துவிட்டன என்பார்கள். எலினார் பர்ன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி, நான் மேலே சொன்ன மரக்குடில் போர்வையை ஒரே நாளில் தைத்து முடிக்கும் வழியை 1978-இல் புத்தகமாகவே வெளியிட்டார். மறு ஆண்டில் ஜப்பானிய ஓல்ஃபா நிறுவனம் சக்கரம்போல் உருளும் கத்தியை அறிமுகம் செய்தது. கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டிய காலம் போய், பல மடிப்புத் துணியை ஒரே இழுப்பில் நறுக்கும் காலம் வந்தது. இவற்றை நான் இகழவில்லை. மணிக்கட்டு வலிக்கு மருந்து கண்டவர்களை இகழ்வானேன்? ஆயினும் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. உருளும் கத்தியும் மின்சார யந்திரமும் வீட்டுக்கு வந்த பின்னரும் அலமாரிகளில் அரைகுறைப் பணிகள் குறைந்தபாடில்லை. தாமதம் ஊசியில் இருந்திருந்தால் யந்திரம் அதைத் தீர்த்திருக்கும். அமெரிக்கக் குடும்பத்தில் ஜூன் மாதம் பள்ளி விடுமுறை தொடங்கினால் பிள்ளைகள் பகல் முழுதும் வீட்டில். நவம்பர் நான்காம் வியாழக்கிழமை நன்றி நவிலும் நாள் விருந்து. அதன் மூச்சு அடங்குமுன் கிறிஸ்துமஸ். தையல் மேசையே விருந்து மேசையாக மாறிவிட, துண்டுகள் அட்டைப்பெட்டிக்குள் போகின்றன. யந்திரம் தையலின் வேகத்தைக் கூட்டித் தரும். தைப்பதற்கு உட்கார ஒரு மணி நேரத்தை வாங்கித் தராது. அதை வீட்டிலுள்ள மனிதர்கள்தாம் தர முடியும்.

இவ்விடத்தில் எதிர்த்தரப்பிலிருந்து ஓர் இனிப்பான வாதம் கிளம்புவதுண்டு. மெதுவாகச் செய்வதே அழகு, அவசர யுகத்துக்கு அதுவே மருந்து, பண்டிகையும் குழந்தையும் குறுக்கிடுவதே அந்தப் போர்வையின் மணம் என்றெல்லாம் சிலர் உருகுவார்கள். எனக்கு அந்த உருக்கத்தில் நம்பிக்கையில்லை. மெதுவாகச் செய்வது வேறு, செய்ய விடாமையால் மெதுவாவது வேறு. ஸூஸன் கிளாஸ்பெல் 1916-இல் எழுதிய 'டிரைஃபிள்ஸ்' என்னும் ஓரங்க நாடகத்தில், கொலை நடந்த வீட்டில் துப்புத் தேடவந்த ஆண்கள், முடியாத மரக்குடில் போர்வையைக் கையிலெடுத்துப் பேசும் பெண்களைக் கேலி செய்துவிட்டு வெளியே தொழுவத்துக்குப் போகிறார்கள். ஒழுங்காக வந்த தையல் ஒரு கட்டத்தில் மட்டும் கோணல் மாணலாகப் போயிருப்பதைக் கண்ட அப்பெண்களோ, அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்பதை அதிலிருந்தே படித்துவிடுகிறார்கள். நிதானத்தின் சௌந்தரியத்தைப் புகழ்கிறவர்கள் அந்தக் கட்டத்தையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, அது காசுக்கணக்கு. ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்ஸ், விவிலியக் கதைகளைப் பதினொரு சித்திரங்களாக அமைத்த போர்வையை 1886-இல் ஏதென்ஸ் நகரப் பருத்திச் சந்தையில் காட்சிக்கு வைத்தார். ஜென்னி ஸ்மித் என்ற சித்திர ஆசிரியை விலைக்குக் கேட்டபோது அவர் கொடுக்க இசையவில்லை. சில ஆண்டுகளுக்குப்பின் குடும்பத்தில் முடை வந்தது. பத்து டாலர் கேட்டு, ஐந்துக்கு ஒப்புக்கொண்டு கொடுத்தார். ஒவ்வொரு சித்திரத்துக்கும் உரிய கதையை வாங்கியவருக்குச் சொல்லிவைத்துவிட்டு, பிறகும் சில தடவை அதைப் பார்க்க வந்துபோனாராம். வாஷிங்டனில் ஸ்மித்ஸோனியன் அமெரிக்க வரலாற்று மியூசியத்தில் இன்று அது இருக்கிறது. சமையலுக்கும் வயல்வேலைக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் நடுவே துண்டு துண்டாகத் திரட்டிய காலத்துக்கு அந்த ஐந்து டாலரில் எத்தனை பங்கு என்று யாரும் அன்று கேட்கவில்லை.

நம் தமிழ்நாட்டு வெப்பத்துக்குப் பஞ்சடைத்த போர்வை அவசியமில்லாததால், இந்தக் கலை இங்கே வேரூன்றவில்லை. கைக்குழந்தைக்குப் பழம்புடவையை நாலாக மடித்து ஓரம் தைத்து விரிப்பாக்குவதோடு நம் பாட்டிமார் நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் சென்னையில் இப்போது குவில்ட் கற்பிக்கும் வகுப்புகள் நடக்கின்றன. கற்றுக்கொண்டு வந்தவருக்கு நம் பஞ்சாங்கம் வைத்திருக்கும் சோதனை அமெரிக்கப் பஞ்சாங்கத்துக்குச் சளைத்ததல்ல. சித்திரை வெயிலில் வடாமும் வற்றலும், கூடவே விடுமுறைப் பிள்ளைகளும், ஆனியில் பள்ளிச் சீருடையும் புத்தக அட்டையும், ஆவணியில் முகூர்த்தங்கள், புரட்டாசியில் கொலுப்படி, ஐப்பசியில் தீபாவளிப் பலகாரம். ஆடி ஒன்றுதான் சற்று ஓய்வு என்று பார்த்தால், ஆடிச்சீரும் கூழும் வந்து நிற்கும். இந்த விசேஷங்களையெல்லாம் கைவிட வேண்டுமென்று சொல்ல நான் துணியமாட்டேன். அவற்றின் பாரம் வீட்டில் ஒருத்தியின் தோளில் மட்டும் இறங்குவது எந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது என்றுதான் கேட்கிறேன். முறுக்குப் பிழிய ஆண்பிள்ளைக்கும் கை இருக்கிறது. கொலு முடிந்த மறுநாளே தையல் மேசையைக் காலி செய்து திருப்பிக் கொடுப்பதும் பெரிய தியாகமன்று.

கடையில் காந்தா வாங்குவோருக்கும் ஒரு வார்த்தை. தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பேசும்போது, ஊசி ஓடிய நேரத்தை மட்டும் எண்ணி, அது ஓட முடியாமல் நின்ற நாட்களைத் தைப்பவரின் சொந்தச் செலவாக்கிவிடுகிறோம். பண்டிகை நெருங்க நெருங்க அவசரப்படுத்தவும் செய்கிறோம். தீபாவளிக்குள் வேண்டுமென்று விரும்புகிறவர், பண்டிகைக்கு இரண்டு மாதம் இருக்கையில் தொலைபேசியில் நெருக்காமல், சென்ற தீபாவளி கழிந்த வாரமே சொல்லி, கூலியில் ஒரு பகுதியை அப்போதே கொடுத்துவைக்கட்டும். வைகாசிக் கல்யாணத்துக்கென்று தங்கை வாக்களித்த போர்வை தலைப்பிள்ளையின் தொட்டிலுக்கு வந்து சேர்ந்தால், அது ஏன் தாமதித்தது என்று கேட்பதற்குமுன், அந்த இரண்டு ஆண்டுகளில் அவளை எத்தனை விசேஷத்துக்குச் சமையலுக்கு அழைத்தோம் என்று அழைத்தவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.