தாயக்கட்டையும் போர்வெல்லும்

பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் நிகழ்தகவு என்று ஒரு பாடம் இருக்கு. நாணயம், பகடை, அதுக்கப்புறம் சீட்டுக்கட்டு. 52 சீட்டில் கறுப்பு ராஜா வர வாய்ப்பு என்ன? எங்க ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் சீட்டைக் கையால் தொட்டதில்லை. தொட்டால் வீட்டில் முதுகு பழுத்துவிடும். ஸ்பேடு எது, கிளாவர் எதுன்னு மனப்பாடம் பண்ணிட்டுத்தான் கணக்குக்கே போகணும்.

அதே பிள்ளைகள் ஏகாதசி ராத்திரி விடிய விடியத் தாயம் உருட்டுகிறார்கள். அதை ஏன் பாடத்தில் வைக்கக் கூடாது என்பதுதான் என் கேள்வி.

டவுனில் மறந்து போயிருக்கலாம், அதனால் சொல்லிவிடுகிறேன். பித்தளையில் நீளமாக ரெண்டு கட்டை. ஒவ்வொன்றுக்கும் நாலு பக்கம்: ஒரு புள்ளி, ரெண்டு, மூணு, ஒண்ணும் இல்லாத வெறும் பக்கம். ரெண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. மற்றபடி புள்ளிகளைக் கூட்டிக்கொள்ள வேண்டியது.

ஆக 1, 2, 3, 4, 5, 6, 12 என்று ஏழு விதமாக விழும். ஏழில் ஒன்றுதானே தாயம் என்று தோன்றும். அங்கேதான் எண்ணத் தெரியணும். நாலு பக்கமும் நாலு பக்கமும் சேர்ந்தால் 16 வகை. அதில் 3 விழ நாலு வழி, 2-க்கும் 4-க்கும் மும்மூணு வழி. தாயத்துக்கு ரெண்டே ரெண்டு, 5-க்கும் ரெண்டு. ஆறும் பன்னிரண்டும் ஒவ்வொரு வழிதான். இப்ப ஆட்ட விதியைப் பாருங்க. எங்க பக்கம் மறுபடி உருட்டலாம் என்பது எதுக்கு? 1, 5, 6, 12. அரிதாக விழுகிற நாலுக்கும்தான், 16-ல் 6 தடவை. இந்த விதியை வைத்த ஆள் எந்தக் காலேஜில் படித்தாரோ!

தாயம் போட்டால்தான் காய் இறங்கும். எட்டில் ஒன்று என்றால் எட்டு உருட்டுக்குள் விழுந்துடணும்னு நினைப்போம். எட்டு தடவையும் விழாமல் போக நூற்றுக்கு 34 வாய்ப்பு இருக்கு. அப்படி விழாமல் போனால், "இத்தனை தடவை வரலை, அடுத்தது தாயம்தான்" என்பார்கள். கட்டைக்கு அதெல்லாம் ஞாபகம் இல்லை. ஒன்பதாவது தடவையும் அதே எட்டில் ஒன்றுதான்.

விளையாட்டில் காய் இறங்காது, அவ்வளவுதான். இதே பேச்சு போர் வண்டிக்குப் பக்கத்தில் கேட்கும்போதுதான் வயிற்றைக் கலக்குது. "ரெண்டு போர் பொய்ச்சாச்சு, மூணாவது கைவிடாது." நகையை அடகு வைத்துவிட்டு இதைச் சொல்றாங்க. தமிழ்நாட்டில் பெரும்பகுதி கடும்பாறை. வெடிப்பு இருக்கிற இடத்தில்தான் தண்ணி. ஒரே காட்டில் ரெண்டு இடத்தில் புகைதான் வந்தது என்றால், அந்தப் பாறை ஏதோ சொல்லுது. மூணாவதுக்கு நம்பிக்கை குறையணுமே தவிர கூடக் கூடாது. தாயக்கட்டை முந்தின உருட்டை வைத்து ஒண்ணும் சொல்லாது, பூமி சொல்லும். இந்த வித்தியாசத்தை எந்த வாத்தியாரும் வயக்காட்டை வைத்துச் சொல்லிக் கொடுத்து நான் பார்க்கலை.

உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிறவர் கதையும் இப்படித்தான். ஒரு ஊரில் எங்கே போட்டாலும் பத்துக்கு ஆறு போரில் தண்ணி வரும்னு வைத்துக்கொள்வோம். தேங்காய் சும்மா நின்றாலும் அவர் ஆறு தடவை ஜெயிப்பார். அந்த ஆறு பேரும் கல்யாண வீட்டில் அவர் நம்பரைக் கொடுப்பார்கள். மற்ற நாலு பேர் வாயே திறப்பதில்லை. அவரைக் கூப்பிடுமுன் அந்த நாலு பேரைத் தேடிப் போய் விசாரிங்க. கூடவே, அவரைக் கூப்பிடாமல் போட்டவங்களுக்கு எத்தனை பேருக்குத் தண்ணி வந்ததுன்னும் கேளுங்க.