கவனம் காவலாகுமா?

"கவனமாக இரு" என்று எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் ஆய்வுகூடம் காப்புடையதாகிவிடும் என நம்புவோர் நம்மிடையே உளர். லேசர்க் கருவியைப் பொறுத்தவரை இந்நம்பிக்கை அறியாமை மட்டுமன்று. பொறுப்பை மாணவன் தலையிற் சுமத்தும் தந்திரமுமாகும்.

நியோடிமியம்-யாக் லேசரின் 1064 நனோமீற்றர்க் கதிர் கண்ணுக்குப் புலப்படாது. குறுந்துடிப்பாக இயக்கும்போது ஒரு துடிப்பு நிலைப்பது செக்கனின் நூறு கோடியிற் சில பங்கே. ஒளி கண்டு இமை மூடவோ ஏறத்தாழக் காற் செக்கன் வேண்டும். இங்கே எவருடைய கவனம் எவருடைய விழித்திரையைக் காக்கும்?

"கணினி நிரல் பார்த்துக்கொள்ளும்" என்பர் வேறு சிலர். 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் தெராக்-25 என்னும் கதிர்ச்சிகிச்சைப் பொறி ஆறு நோயாளர்க்கு மிகைக் கதிர்வீச்சைச் செலுத்தியது; அவர்களுட் சிலர் மாண்டனர். அது லேசரன்று, ஆயினும் அதன் பாடம் இங்கும் பொருந்தும். முந்திய தெராக்-20இல் இருந்த வன்பொருட் பூட்டுகளை நீக்கிக் காவலை மென்பொருளிடம் ஒப்படைத்தமை அவ்விபத்துகளுக்கு முக்கிய காரணங்களுள் ஒன்றாயிற்று.

வேண்டியது யாது? சாவி திரும்பியிருத்தல், கதவு மூடியிருத்தல், குளிர்நீர் ஓடுதல், இயக்கும் கட்டளை வருதல் ஆகிய நான்கும் ஒருங்கே மெய்யானாலன்றி வெளியீடு தராத 'அன்ட்' படலை. 7408 என்னும் சில்லில் ஈருள்ளீட்டுப் படலைகள் நான்கு உள. நமக்கு மூன்றே போதும். ஆனால் தொடுப்பற்று நிற்கும் உள்ளீட்டை அச்சில்லு "ஆம்" என்றே கொள்ளும். ஆதலின் ஒவ்வோர் உள்ளீட்டையும் தக்க தடையியொன்றாற் பூச்சியத்துடன் பிணைத்தல் வேண்டும். அப்பொழுது கம்பி அறுந்தாலும் விடை "இல்லை" என்பதே. திறந்த கதவை மீள மூடியவுடன் லேசர் தானே எழாதவாறு, மீட்டமைப்புப் பொத்தானை ஒருவர் அழுத்தும்வரை தடுத்துநிற்கும் பூட்டுச்சுற்றும் அவசியம்.

"படலையும் பழுதாகலாமே" எனின், ஆம். அதனாலேயே கதவின் ஆளி லேசரின் மின்வழங்கலையும் நேரே துண்டித்தல் வேண்டும். காப்புக்கண்ணாடியும் பயிற்சியும் அதன்பின் வருவன. அதற்குப் பதிலாக வருவன அல்ல.

பல இலட்சம் பெறுமதியான கருவியை வாங்குவோர், சில்லறைக் காசில் முடியும் இச்சுற்றுக்குப் பணமில்லை என்பது நகைப்புக்குரியது. பார்வை இழந்தவனிடம் "கவனமாக இருந்திருக்கலாமே" என்பது அறமாகாது. பூட்டாது விட்டவர் நாமெனின், குற்றமும் நம்முடையதே.