உழைப்பு எல்லோருடையது, பெயர் மட்டும் ஒருவருக்கா?

முதலாளித்துவ நாடுகளின் இசைப் பத்திரிகைகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. நான்கு பேர் சேர்ந்து உழைத்துப் புதிய இசை ஒன்றை உருவாக்கினால், அந்த நால்வரில் ஓர் ஆணைத் தேடிப் பிடித்து 'மேதை' என்று மாலை போட்டுவிடுவார்கள். மற்ற மூவரும் பக்கவாத்தியம்! அந்த மூவரில் ஒருவர் பெண்ணாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அவர் உடுத்திய உடையைப் பற்றி இரண்டு வரி இருக்கும். அவர் வாசித்த வாத்தியத்தைப் பற்றி ஒரு வரி இராது.

'மாற்று ராக்' என்று பெயர் பெற்ற இசை, பெரிய கம்பெனிகளின் வியாபார இசைக்கு மாற்று என்று மார்தட்டிக்கொண்டு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் எழுந்தது. அங்காவது நியாயம் கிடைத்ததா? இல்லை. கணக்கெழுதும் முறையில் எந்த மாற்றும் இல்லை. ஆதாரம் என்ன என்று கேட்பீர்கள். இதோ.

நியூயார்க்கின் 'டாக்கிங் ஹெட்ஸ்' குழுவில் பேஸ் கிதார் வாசித்தவர் டினா வேமத். 1980-ல் இக்குழு பஹாமாஸ் தீவிலுள்ள ஒலிப்பதிவுக் கூடத்தில் 'ரிமெய்ன் இன் லைட்' என்ற இசைத்தட்டைப் பதிவு செய்தது. முன்கூட்டி எழுதி வைத்த பாட்டுகளைக் கொண்டு வந்து வாசித்தார்களா? இல்லை. எல்லோரும் கூடி வாசித்து, வாசித்ததில் பொருந்தியதை எடுத்து அடுக்கி, அந்தத் தாளக்கட்டின் மீதுதான் டேவிட் பைர்ன் சொற்களை ஏற்றினார். வேமத்தின் பேஸ் கிதார் இல்லாமல் அந்த இசைக்கு அஸ்திவாரமே கிடையாது. கணினியின் உதவியால் உருவான அதன் அட்டைப் படத்திலும் அவருடைய உழைப்பு உண்டு.

ஆனால் இசைத்தட்டு அச்சாகி வந்தபோது என்ன இருந்தது? பாடல்களை இயற்றியவர்கள் பைர்னும், தயாரிப்பாளர் பிரையன் ஈனோவும்! இரண்டு பாட்டுகளில் மட்டும் ஜெர்ரி ஹாரிசனுக்கு இடம். வேமத்தின் பெயர் எங்கும் இல்லை. டிரம் வாசித்த அவர் கணவர் கிறிஸ் ஃபிரான்ட்ஸின் பெயரும் இல்லை. அவர்கள் எதிர்த்துக் குரல் எழுப்பிய பிறகே பிந்திய பதிப்புகளில் குழுவினர் அனைவரின் பெயரும் சேர்ந்தது. போராடாமல் எதுவும் கிடைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பாஸ்டன் நகரின் 'பிக்ஸீஸ்' குழுவின் கதை என்ன? 1986-ல் பேஸ் கிதார் வாசிக்க ஆள் தேவை என்று வந்த விளம்பரத்துக்கு வந்து சேர்ந்த ஒரே ஆள் கிம் டீல். முதல் இரண்டு இசைத்தட்டுகளில் தம் சொந்தப் பெயரைப் போடாமல், கணவர் பெயரோடு 'திருமதி இன்னார்' என்று போட்டுக்கொண்டார். கணவன் பெயரால்தான் மனைவிக்கு மதிப்பு என்ற சமூகத்தைப் பார்த்து அவர் செய்த பரிகாசம் அது! பிளாக் பிரான்சிசோடு சேர்ந்து எழுதி அவர் பாடிய 'ஜைஜான்டிக்' 1988-ல் வெளிவந்து, அக்குழுவின் மிகப் புகழ் பெற்ற பாட்டுகளில் ஒன்றாயிற்று. அப்படியானால் அவருக்கு மேலும் இடம் கிடைத்திருக்க வேண்டுமல்லவா? நடந்தது நேர்மாறு. 1990, 1991-ல் வந்த இரண்டு இசைத்தட்டுகளிலும் அவர் எழுதிய பாட்டு ஒன்றுகூட இல்லை.

அவரிடம் சரக்கு இல்லையா? 'பிரீடர்ஸ்' என்ற தம் குழுவோடு அவர் 1993-ல் வெளியிட்ட 'லாஸ்ட் ஸ்பிளாஷ்' அமெரிக்காவில் 10 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. பிக்ஸீஸ் கலையும் வரை அவர்களின் எந்த இசைத்தட்டும் அங்கே அந்த எல்லையைத் தொட்டதில்லை. சரக்கு இருந்தது, கதவுதான் சாத்தப்பட்டிருந்தது.

"பாட்டு என்றால் சொல்லும் மெட்டும்தான், தாளமும் பேஸும் வெறும் துணை" என்று வாதாடுவோர் உண்டு. இது இசை இலக்கணமல்ல, சொத்து இலக்கணம்! எதைப் 'பாட்டு' என்று வரையறுக்கிறார்களோ அதற்கே ராயல்டி. எனவே எதை வெளியே தள்ளுகிறார்கள் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பைர்னுக்கோ பிரான்சிசுக்கோ திறமை இல்லை என்று நாம் சொல்லவில்லை. அவர்களின் திறமையைத் தாங்கி நின்ற உழைப்பு ஏன் கணக்கில் வரவில்லை என்றே கேட்கிறோம்.

வேறு வழியே இல்லையா? உண்டு. மான்செஸ்டரின் 'நியூ ஆர்டர்' குழு, தன் பாட்டுகளை நால்வரின் பெயரிலும் பதிவு செய்தது. அந்த நால்வரில் ஒருவர் கில்லியன் கில்பர்ட். 1983-ல் வந்த 'புளூ மண்டே' பாட்டுக்காக இயந்திரத்தில் ஸ்வரங்களை ஒவ்வொன்றாகப் பதித்தவர் அவர். தாள்களை நீளமாக ஒட்டி, கம்பளி பின்னும் கணக்கைப் போல எழுதி வைத்துக்கொண்டு வேலை செய்தார். பிரிட்டனில் 12 அங்குலத் தட்டுகளில் அதைவிட அதிகம் விற்றது வேறில்லை. ஆனால் விமர்சகர்கள் விரும்பிச் சொல்லும் கதை எது? அவர் தவறுதலாக ஒரு ஸ்வரத்தை விட்டுவிட்டார், அதனால் பாட்டுக்கு ஒரு விசித்திர அழகு வந்தது என்பதே! விட்டுப்போன ஒன்று நினைவிருக்கிறது. சரியாகப் பதித்த மற்ற அத்தனையும் மறந்துவிட்டன!

பெயர் கிடைத்தாலும் வீட்டுச் சுமை விடுவதில்லை. குழந்தையின் நோய் காரணமாக 2001-ல் குழுவை விட்டு விலகியவர் கில்பர்ட். குழந்தையின் தகப்பனார் ஸ்டீபன் மாரிஸ் அதே குழுவில் டிரம் வாசித்துக்கொண்டிருந்தார். கில்பர்ட் திரும்பி வர 2011 ஆயிற்று. தனி மனிதரைக் குறை சொல்வதல்ல இது. யார் விலக வேண்டும் என்பதைச் சமூகம் முன்பே தீர்மானித்து வைத்திருக்கிறது.

இந்த இசைக்கெல்லாம் முன்னோடியான 'வெல்வெட் அண்டர்கிரவுண்ட்' குழுவைப் பாருங்கள். மோரீன் டக்கர் நின்றுகொண்டே டிரம் வாசித்த பாணியை எத்தனையோ குழுக்கள் பின்பற்றின. அந்த டக்கர் 1980-களில் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு பெரிய வியாபாரக் கம்பெனியின் கிடங்கில் கூலி வேலை செய்து குழந்தைகளைக் காப்பாற்றினார். உலகம் பின்பற்றிய தாளம் அவருக்குச் சோறு போடவில்லை!

"மேல்நாட்டுக் கேளிக்கைக்காரர்களின் தகராறு நமக்கெதற்கு?" என்று சில தோழர்கள் கேட்கலாம். கூட்டு உழைப்பின் பலனைத் தனியொருவர் பெயரில் எழுதுவதும், பெண்ணின் உழைப்பை 'உதவி' என்று கழித்துவிடுவதும் எங்கே நடந்தாலும் நமக்குப் பழகிய சுரண்டலே. ஆலையில் நடந்தால் எதிர்ப்போம், அரங்கில் நடந்தால் கைதட்டுவோம் என்பது எந்த ஊர் நியாயம்?

சேர்ந்து படைத்தது சேர்ந்தவர் அனைவர் பெயரிலும் பதிவாகட்டும். ராயல்டி பங்கிடப்படட்டும். அதுவரை, 'மேதை' என்று யாராவது ஒருவரைக் காட்டும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அவரோடு உழைத்த பெண்ணின் பெயர் எங்கே?