மூளை தனியுடைமை அன்று

மனச்சோர்வு மூளையின் நோயா, சமுதாயத்தின் நோயா என்று வினவுவதே தவறு. மூளைக்குப் புறம்பாக மனம் இல்லை. சமுதாயத்திற்குப் புறம்பாக மனித மூளையும் இல்லை. இந்த உறவை அறுத்துவிட்டு, மனிதனின் துயரம் அனைத்தையும் அவன் தலைக்குள் நிகழ்ந்த இரசாயனக் குறைபாடாகச் சுருக்கிக் காட்டும் வாதமே நம் கண்டனத்துக்கு உரியது.

அவ்வாதத்தின் வரலாறு நோக்கத்தக்கது. மூளையில் நோரட்ரீனலின் குறைவதால் மனச்சோர்வு தோன்றலாம் என்று 1965இல் ஜோசப் சில்ட்கிரவுட் என்னும் அமெரிக்க வைத்தியர் ஒரு கருதுகோளை முன்வைத்தார். பின்னர் செரட்டோனின் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. 1987இல் புரொசாக் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்றது. விஞ்ஞானிகள் 'தோன்றலாம்' என்றதை விளம்பரக்காரர் 'தோன்றுகிறது' என்றனர். கருதுகோள் விற்பனைச் சரக்காயிற்று. செரட்டோனின் குறைவே காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று 2022இல் லண்டனில் ஜொஆனா மொன்கிரிவ் குழுவினர் எடுத்துக்காட்டினர்.

அமெரிக்க அரசிடம் பதிவான 74 மருந்தாய்வுகளைப் பற்றி 2008இல் எரிக் ரேணர் குழுவினர் வெளியிட்ட உண்மை இதனினும் கசப்பானது. மருந்துக்குச் சாதகமான 38 ஆய்வுகளுள் 37 அச்சேறின. ஏனைய 36இல் 22 அச்சேறவே இல்லை. 11 சாதகமானவை போன்று எழுதப்பட்டு வெளிவந்தன. உள்ளது உள்ளபடி வந்தவை மூன்றே. சரக்கை விற்பவன் கையிலேயே சான்றின் திறவுகோலும் இருக்குமாயின் வேறென்ன விளையும்?

வளர்ந்த மூளையில் புதிய நரம்புக்கலம் பிறவாது என்பது நெடுங்காலக் கோட்பாடு. 1962 முதல் ஜோசப் ஆல்ட்மன் மாறான சான்றுகளைக் காட்டியும் அறிஞர் உலகு பல்லாண்டுகள் செவிசாய்க்கவில்லை. விளையாட்டுப் பொருளும் துணையும் நிறைந்த விசாலமான கூண்டில் வாழும் சுண்டெலிகளின் மூளையில், வெறுங்கூண்டில் வாழ்பவற்றிலும் அதிகமான புதிய நரம்புக்கலங்கள் நிலைப்பதை 1997இல் கண்டனர். அந்நியக் குரங்கின் கூண்டில் விடப்பட்டு அஞ்சிய மார்மொசெற் குரங்குகளில் புதிய கலங்களின் பெருக்கம் குறைந்ததை 1998இல் எலிசபெத் கூல்ட் குழுவினர் அறிவித்தனர். மனச்சோர்வு மருந்துகளை வாரக்கணக்கில் பெற்ற எலிகளில் அப்பெருக்கம் கூடியமை 2000இல் வெளியாயிற்று. ஆக, மருந்து தொடும் அதே இடத்தைக் கூண்டும் தொடுகிறது!

எலி மனிதன் அன்று என்பது மெய்யே. வளர்ந்த மனிதரில் புதிய நரம்புக்கலம் தென்படவில்லை என்று 2018இல் ஓர் ஆய்வு கூற, முதுமையிலும் உண்டு என்று மற்றோர் ஆய்வு மறுத்தது. ஆயின் மனிதரின் கூண்டைக் காண்பதற்கு நுண்ணோக்கி வேண்டியதில்லை. லண்டன் கம்பர்வெல் பகுதிப் பெண்களை ஆராய்ந்து ஜோர்ஜ் பிரவுணும் ரிறில் ஹரிஸும் 1978இல் வெளியிட்ட நூல், தொழிலாளர் வர்க்கப் பெண்களிடையே மனச்சோர்வு மிகுந்திருந்ததைக் காட்டிற்று. வீட்டுக்கு வெளியே வேலையின்மையும், மனம்விட்டுப் பேசத் துணையின்மையும் அவர்களை எளிதில் வீழ்த்தின.

இதனால் மருந்தெல்லாம் மோசடி என்று முழங்கும் நண்பர்களும் உளர். அவர்களுடனும் நாம் உடன்படோம். 2018இல் 522 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய அந்திரேயா சிப்ரியானி குழுவினர், 21 மருந்துகளும் மருந்தற்ற போலி மாத்திரையிலும் ஓரளவு கூடிய பயன் தந்தமையைக் கண்டனர். துயருற்றவன் கையிலிருந்து மருந்தைப் பறிப்பது புரட்சியன்று, கொடுமை. வைத்தியரைக் கலவாது அதனைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து.

மாத்திரை வேண்டியவர்க்கு மாத்திரை கிடைக்கட்டும். ஆனால், விழுங்கிவிட்டு அதே கூண்டுக்குத் திரும்பிப் போ என்று சொல்லும் வைத்தியம் பாதி வைத்தியமே. வேலையும் வீடும் ஓய்வும் தோழமையுமே மற்றப் பாதி. அதனைக் கோரிப் போராடும் கடமை நோயாளி ஒருவனுடையதன்று, நம் அனைவருடையது.