நாற்காலியும் நமது ரசனையும்

நண்பர் ஒருவர் வீட்டில் சென்ற மாதம் புத்தக அலமாரி சரிந்து விழுந்தது. நண்பர் கவிஞர், நவீனமானவர். கைத்தொழில்கள் அழிவதைப் பற்றி அவர் எழுதிய கவிதைகள் இந்தப் பக்கங்களிலேயே வந்திருக்கின்றன. அலமாரியோ அட்டைப்பெட்டியில் வந்து, வீட்டில் வைத்துத் திருகிக்கொள்கிற ரகம். மரத்தூளையும் சில்லுகளையும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசையில் குழைத்து அழுத்திய பலகை. அதன்மேல் மரத்தின் புகைப்படம். புகைப்படம் என்பதை அழுத்தியே சொல்கிறேன். தேக்கின் ரேகையைப் படம் பிடித்துக் காகிதத்தில் அச்சடித்து ஒட்டுகிறார்கள். கவிதையில் போலியைக் கண்டால் முகம் சுளிக்கிற நண்பர், இந்தப் போலியை மூன்று வருஷமாக எதிரே வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார். சிறுபத்திரிகைத் தொகுப்புகளின் கனம் தாங்காமல் தட்டு நடுவில் தொய்ந்தது. திருகு பிடித்திருந்த இடம் மாவாக உதிர்ந்தது. திரும்ப மாட்ட வழியில்லை. அந்தப் பலகையில் ஒரு தடவை கழன்ற திருகு மறுபடி அதே இடத்தில் பிடிக்காது. நண்பர் கைபேசியை எடுத்தார், அதே மாதிரி இன்னொன்றுக்குச் சொல்லிவிட்டார்.

நண்பரைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. நம் விமர்சனத்தின் லட்சணமே இதுதான் என்பதால் எழுதுகிறேன். ரசனை என்று நாம் சொல்வது அச்சடித்த தாளோடு முடிந்துவிடுகிறது. உட்காருகிற நாற்காலி, படுக்கிற கட்டில் பற்றி நமக்கு அபிப்பிராயமே கிடையாது. இருந்தால் அது 'ஆண்டிக்' பற்றியதாக இருக்கும். நான் வேலை பார்க்கிற காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெரு என்று ஒன்று உண்டு. செட்டிநாட்டு வீடுகள் இடிபட இடிபட, பர்மாத் தேக்குத் தூண்களும் நிலைகளும் பெட்டிகளும் அங்கேதான் வந்து சேரும். வெளியூர் இலக்கிய நண்பர்கள் வந்தால் முதலில் அங்கே அழைத்துப்போகச் சொல்வார்கள். நிலையிலிருந்து பெயர்த்த ஒரு துண்டை வாங்கிப்போய்ச் சுவரில் மாட்டுவார்கள். செத்துப்போன தச்சனின் வேலைக்குக் கேட்ட விலை கொடுப்பார்கள். அடுத்த தெருவில் உயிரோடு இருக்கிற தச்சனிடம் ஒரு முக்காலி செய்யச் சொன்னதில்லை. (நம் பல்கலைக்கழகங்கள் கவிஞர்களிடம் காட்டும் மரியாதையும் இதே ஜாதிதான்.)

சொந்த அனுபவம் ஒன்று. என் அம்மாவுக்கு மூட்டுவலி. கடை நாற்காலிகளில் உட்காரும் பலகையின் உயரம் ஏறக்குறைய 18 அங்குலம். யார் காலை அளந்து வைத்த உயரமோ தெரியாது, என் அம்மாவின் காலை அல்ல. அவள் உட்கார்ந்தால் பாதம் தரையில் பாவாது. பக்கத்துத் தெருத் தச்சரிடம் சொன்னேன். வீட்டுக்கு வந்தார். அம்மாவைக் கட்டில் விளிம்பில் உட்காரவைத்து, முழங்கால் மடிப்பிலிருந்து தரைவரை அளந்தார். 15½ அங்குலம். "எந்திரிக்கயில எந்தக் கைய ஊண்டுவீங்கம்மா?" என்றார். வலது கை என்றாள். "அப்ப வலது கைச் சட்டத்தக் கொஞ்சம் முன்னால நீட்டிவிட்ருவோம்." பத்து வருஷமாக வைத்தியர்களிடம் அலைகிறவள் அவள். இந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை.

உள்ளூரில் செய்ததை வாங்குவதில் லாபம் உண்டு என்று நான் சொல்வது இதைத்தான். மலிவு என்று பொய் சொல்லமாட்டேன். பெட்டியில் வருவதைப்போல் இரண்டு மடங்கு ஆயிற்று. சொன்ன நாளில் வரும் என்றும் சொல்லமாட்டேன். பதினைந்து நாள் என்றவர் இரண்டு மாசம் இழுத்தார். கடைசியில் கொண்டுவந்ததில் பின்கால் ஒன்றில் வெளிறு ஓடியிருந்தது. வைரம் பாய்ந்த வாகை என்று பேச்சு. நான் வேண்டாமென்றேன்.

"பாலீஷ் போட்டா தெரியாது ஸார்."

"நமக்குத் தெரியாதுண்ணே. பூச்சிக்குத் தெரியும்."

முறைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். காலை மாற்றிக் கொடுத்தார். அதற்கு முன்னால் அரைமணி நேரம் எனக்கு வாகையைப் பற்றியும், இப்போது வருகிற கட்டைகளின் வயசைப் பற்றியும் பாடம் நடந்தது. பாதியில் அவர் சொன்னதே சரி என்று ஒத்துக்கொண்டேன்.

விமர்சனம் என்பது வேறென்ன? செய்தவனும் கேட்டவனும் நேருக்கு நேர் நின்று, இது சரியில்லை என்று ஒருவன் சொல்ல, ஏன் என்று மற்றவன் மல்லுக்கட்ட, பொருள் ஒரு படி சீராகிறது. இருவருக்கும் முன்பு தெரியாத ஏதோ ஒன்று தெரிகிறது. பெட்டியில் வருவதோடு சண்டை போட முடியாது. நட்சத்திரம் போடலாம், ஐந்துக்கு இரண்டு. நம் மதிப்புரைகளும் நட்சத்திரம் போடுகிற காரியமாகிவிட்டது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

நான் வங்கியில் சேர்ந்தபோது எங்கள் கிளையில் ஆறு பிரம்பு நாற்காலிகள் மிஞ்சியிருந்தன. பிரம்பு பின்னுவது பார்வையற்றவர்களுக்குப் பயிற்சி கொடுத்துக் கற்பித்த தொழில். அப்படிக் கற்ற ஒருவர் வருஷத்துக்கொரு தடவை வந்து, அறுந்த பின்னலை விரலால் தடவிப் பார்த்து, யார் எப்படிச் சாய்ந்து உட்காருகிறார்கள் என்று சொல்லிவிடுவார். அந்த நாற்காலிகள் போய்ச் சுழலும் நாற்காலிகள் வந்தன. மூன்றாம் வருஷம் அவற்றின் உயரம் ஏற்றும் குழாய் செத்துப்போய், உட்கார்ந்தவர்கள் மேஜைக்குக் கீழே இறங்கிவிட்டோம். பழுது பார்க்க ஆளில்லை. மாடியில் கிடக்கின்றன.

இங்கே ஒருவர் குறுக்கிடுவார்: இது குலத்தொழில் புகழ்பாடுவதல்லவா? கேட்க வேண்டிய கேள்விதான். ஆனந்த குமாரசுவாமி 1909-ல் இந்தியக் கைவினைஞனைப் பற்றி எழுதிய புத்தகத்தில் பரம்பரைத் தொழிலை ஏதோ தேவலோக ஏற்பாடாகப் பார்க்கிறார். அபூர்வமான கண் அவருக்கு. தச்சன் மகனுக்குப் பள்ளிக்கூடம் போக ஆசையிருக்கும் என்பது மட்டும் அந்தக் கண்ணில் படவில்லை. அரை நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் தகப்பன் தொழில் என்று 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் குலக்கல்வி என்று பெயரெடுத்து 1954-ல் ஒழிந்தது. ஒழிந்தது நல்லது. உளியை மகன் எடுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை; அப்பனுக்குக் கூலி கொடுங்கள் என்கிறேன். எங்கள் தச்சரின் மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். நாற்காலிப் பணம் அந்தப் பீஸுக்குப் போயிற்று. நாளைக்கு எந்தச் சாதிக்காரனாவது, ஏதாவது ஒரு பெண்ணாவது உளியை எடுக்கட்டும். எடுப்பதற்கு அதில் பிழைப்பு இருக்க வேண்டும்.

பிழைப்பு என்றால், கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருப்பவனாக ஒன்று சொல்ல வேண்டும். 2023-ல் மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டம் வந்தது: முதலில் 1 லட்சம், பிறகு 2 லட்சம், வட்டி 5 சதவீதம். குலத்தொழிலைக் கெட்டிப்படுத்துவது என்று தமிழக அரசு 2024-ல் அதை ஒதுக்கி, சாதி பார்க்காத கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. சரி. எந்தத் திட்டமானாலும் கடன் வரும், இழைப்பு மிஷின் வரும். நாற்காலி வேண்டும் என்று யார் வருவார்கள்? ஆர்டர் இல்லாத தச்சனுக்குக் கடன் என்பது வெறும் தவணைதான். தஞ்சாவூரில் பிறந்து, கணக்காய்வாளராக இருந்து, கடைசி வருஷங்களை மதுரைப் பக்கம் கல்லுப்பட்டியில் கழித்த ஜே. சி. குமரப்பா, ஒரு பொருள் உண்டான விதத்தில் வாங்குகிறவனுக்கும் பொறுப்பு உண்டு என்றார். அரசாங்கத்திடம் கேட்பதற்கு முன்னால் இதைக் கவிஞர்களிடம் கேட்கலாம் என்று நினைக்கிறேன். மாதச் சம்பளக்காரர்கள்தானே நம்மில் பாதிப்பேர்?

நண்பரின் புது அலமாரி வியாழக்கிழமை வந்துவிட்டது. இந்தத் தடவை தொகுப்புகளைக் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறார். அம்மாவின் நாற்காலியில் வலது கை லேசாக ஆட ஆரம்பித்திருக்கிறது. தச்சரிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார். எந்த ஞாயிறு என்று நான் கேட்கவில்லை.