மரத்தின் அழகும் பெடியனின் மூச்சும்

பழைய கதவைச் சுரண்டி மரத்தின் நிறத்தை வெளியில கொண்டுவாறது இப்ப ஒரு மோஸ்தர். யாழ்ப்பாணத்தில் நாற்சார் வீட்டைத் திருத்துகிறவர்களும், புதுசாகக் கோப்பிக் கடை திறக்கிறவர்களும் ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: "பெயின்டை எல்லாம் எடுத்துப்போட்டு மரத்தைக் காட்டுங்கோ." ஆசையில் பிழையில்லை. முதிரையும் தேக்கும் எனாமலுக்குள் மூடிக் கிடக்க வேண்டியவை அல்லதான். ஆனால் அந்த எனாமலை யார், எப்படி எடுக்கிறார்கள்?

பெரும்பாலும் ஓடாவியோடு உதவிக்கு வந்த ஒரு பெடியன். கையில கிரைண்டர், மூக்கில லேஞ்சி. விறாந்தை முழுக்கத் தூசி.

அந்தத் தூசியைப் பற்றித்தான் கதைக்க வேணும். நிறத்துக்காகவும் கெதியாய்க் காய்வதற்காகவும் எனாமலில் ஈயச் சேர்மங்களைக் கலந்தார்கள். இலங்கையில் பெயின்டில் ஈயத்தின் அளவுக்குச் சட்டக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்ததே 2013இல்தான். அதற்கு முந்திய பூச்சு எதையும், ஈயம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டே தொட வேண்டும். மரத்தில் ஒட்டியிருக்கும்வரை பெரிதாக ஆபத்தில்லை. கிரைண்டர் பட்டதும் அது மூச்சுக்குள் போகும் தூளாகிறது. லேஞ்சி அதைத் தடுக்காது. உடுப்பில் ஒட்டி அவன் வீட்டுக்கும் போகும். அங்கே தவழும் பிள்ளை இருக்கலாம். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

"எத்தினை வருசமா இப்பிடித்தான் செய்யிறம், என்ன நடந்தது?" என்பார்கள். ஈயம் உடனே விழுத்தாது. களைப்பு, வயிற்றுவலி, மறதி, இரத்த அழுத்தம் என்று வேறு பெயர்களில் வரும். இரத்தத்தைச் சோதிக்காமல் ஈயம்தான் என்று சொல்ல ஏலாது.

மருந்து பூசி உரிக்கலாம் என்றால், எந்த மருந்து? மெதிலீன் குளோரைட் உள்ள திரவத்தின் ஆவி உடம்புக்குள் காபன் மொனொக்சைட்டாக மாறும். காற்றோட்டமில்லாத அறைகளில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். அமெரிக்கா 2019இல் பொதுமக்களுக்கு அதை விற்பதையே தடை செய்தது. நெருப்புப் பிடித்து உரிப்பது இன்னும் மோசம்: ஈயம் ஆவியாகும், காய்ந்த மரமும் பற்றும்.

செய்யக்கூடிய வழி இருக்கு. கீழே பொலித்தீன் விரித்து, பூச்சை நனைத்து, கைச் சுரண்டியாலும் ஈரத்தில் பாவிக்கும் சாண்ட் பேப்பராலும் எடுங்கோ. முகத்தோடு இறுகப் பொருந்தும் என்95 மாஸ்க்காவது போடவேணும். தும்புத்தடியால் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கோ. கை முகம் கழுவாமல் தேத்தண்ணி குடிக்கக்கூடாது. சின்னப்பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக்கூடாது. பூச்சு உரியாமல் இறுக்கமாக இருந்தால், சுரண்டாமல் மேலேயே புதுப் பெயின்ட் அடிப்பதும் நல்ல முடிவுதான்.

இப்படிச் செய்தால் ஒரு நாள் வேலை நாலு நாளாகும், செலவு கூடும் என்பது உண்மை. ஆனால் கிரைண்டர் வேலை மலிவானதில்லை. அதன் மிச்சச் செலவைப் பெடியன் தன் உடம்பால் கட்டுகிறான். கதவும் கட்டுகிறது: பழைய ஓடாவி உளியால் எடுத்த பூவேலையைக் கிரைண்டர் ஒரு நிமிசத்தில் மழுக்கிப்போடும்.

மரபுரிமை என்று சொல்லிப் படம் போடுகிறவர்களிடம் நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: கூலி பேசும்போதே அந்த நாலு நாளையும், மாஸ்க்கையும், பொலித்தீனையும் கணக்கில் சேருங்கோ. அதற்குக் காசில்லை என்றால் கதவு பச்சைப் பெயின்டோடேயே இருக்கட்டும்.